கோடா: ரூபியின் தோளில் அந்தப் பாரத்தை வைத்தது யார்?

கேள்வி இது: “கோடா படம் பார்த்தேன், அழுகையை அடக்க முடியவில்லை. ஆனால் காது கேளாதவர்களிலேயே சிலருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஏன்? வீட்டில் எல்லோருக்கும் காது கேட்காமல் ஒரு பெண்ணுக்கு மட்டும் கேட்பது நிஜத்தில் நடக்குமா? பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?”

நீங்கள் அழுததில் தப்பே இல்லை. நானும் அழுதேன், அதுவும் மூன்றாவது தடவை பார்த்தபோதுகூட, அந்த லாரிக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தும். ஆனால் அழ வைக்கிற படத்தில் ஒரு சிக்கல் உண்டு, கண் கலங்கியிருக்கும்போது கேள்வி கேட்கத் தோன்றாது. மறுநாள் காலையில்தான் “அது சரி, அந்த ஊரில் வேறு ஆளே இல்லையா?” என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. படத்தைப் பிடிக்காதவர்களின் பெரும்பாலான புகார்களும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வியை முடித்துவிடுகிறேன், அது சுலபம். நடக்கும். உண்மையில் அதுதான் வழக்கம். காது கேட்காத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காது நன்றாகவே கேட்கும். அதே மாதிரி, காது கேட்காமல் பிறக்கிற குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கிற பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. காரணம், காது கேளாமை என்பது ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்களில் எது பழுதானாலும் வரலாம், மூளைக்காய்ச்சல் மாதிரி நோயாலும் வரலாம். அம்மாவுக்கு ஒரு மரபணுவிலும் அப்பாவுக்கு வேறு ஒன்றிலும் கோளாறு என்று வையுங்கள். பிள்ளைக்கு அம்மாவிடம் கெட்டுப்போனதற்கு அப்பாவிடமிருந்து ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடும், அப்பாவிடம் கெட்டுப்போனதற்கு அம்மாவிடமிருந்து. காது கேட்கும். இன்னொரு வகையில், பெற்றோரில் ஒருவரிடமிருந்து கெட்டுப்போன ஒரே ஒரு பிரதி வந்தாலே போதும், காது கேட்காது. அந்த மாதிரி வீட்டில் ஒவ்வொரு பிரசவமும் காசு சுண்டிப் போடுகிற கதைதான்: அண்ணனுக்குக் கேட்காது, தங்கைக்குக் கேட்கும். ஆகவே படத்தின் ராஸி குடும்பத்தில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் என்ற மீன்பிடி ஊர். அப்பா ஃபிராங்க், அம்மா ஜாக்கி, அண்ணன் லியோ, மூன்று பேருக்கும் காது கேட்காது. ரூபிக்கு 17 வயது, அவளுக்கு மட்டும் கேட்கும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அப்பா, அண்ணனோடு படகில் போவாள், வானொலியில் பேசுவது அவள், மீன் விலை பேசுவது அவள், அப்புறம் மீன் வாசனையோடு பள்ளிக்கூடத்தில் போய்த் தூங்குவாள். அவளுக்கு நன்றாகப் பாட வருகிறது. பாட்டு வாத்தியார் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குத் தயார் செய்கிறார். அவள் போய்விட்டால் வீட்டுக்கு யார் காது? இதுதான் முடிச்சு.

கோடா என்பது ஆங்கிலத்தில் ‘காது கேளாத பெரியவர்களின் பிள்ளை’ என்பதன் முதலெழுத்துகள். மேற்கத்திய இசையில் ஒரு பாடலை முடித்து வைக்கிற வால் பகுதிக்கும் அதே பெயர். தலைப்பு வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

இந்தக் கதை புதிது என்று நினைத்துவிட வேண்டாம். 2014-ல் வந்த ‘லா ஃபமீய் பெலியே’ என்ற பிரெஞ்சுப் படத்தின் ரீமேக் இது. அங்கே மீன் கிடையாது, பண்ணையும் பாலாடைக்கட்டியும். மற்றபடி அதே பெண், அதே பாட்டு வாத்தியார், கடைசியில் சைகையோடு பாடுகிற அதே தேர்வு. பிரான்சில் அதற்கு 70 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. அதற்கும் 18 வருடம் முன்பே, 1996-ல், சஞ்சய் லீலா பன்சாலி தன் முதல் படமாக ‘காமோஷி’ எடுத்தார். கோவாவில் காது கேளாத தம்பதி, அவர்களுக்குப் பாடத் தெரிந்த ஒரு மகள். நானா படேகரும் சீமா பிஸ்வாஸும் பெற்றோர், மனீஷா கொய்ராலா மகள். படம் அப்போது ஓடவில்லை. இன்றைக்குப் பார்த்தால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும், ஆனாலும் நானா படேகரின் கோபத்தில் உள்ள ஒரு கூர்மை மற்ற இரண்டு படங்களிலும் இல்லை. தமிழிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு, 1977-ல் கமலும் சுஜாதாவும் நடித்த ‘உயர்ந்தவர்கள்’. குல்சாரின் ‘கோஷிஷ்’ படத்தின் ரீமேக். அதில் கதை பெற்றோருடையது, பிள்ளையுடையது இல்லை.

சரி, பிரெஞ்சுப் படத்திலிருந்து கோடா எங்கே விலகுகிறது? நடிகர்களில். பிரெஞ்சுப் படத்தில் அப்பா அம்மாவாக நடித்த இருவருக்கும் காது கேட்கும். அவர்கள் சைகை மொழியை அவசரமாகக் கற்றுக்கொண்டு நடித்தார்கள், பிரான்சில் காது கேளாதவர்கள் அதைப் பார்த்து நொந்துபோனார்கள். கற்பனை செய்து பாருங்கள், தமிழே தெரியாத ஒருவர் மதுரைக்காரராக நடித்து ஊரெல்லாம் கைதட்டினால் மதுரைக்காரனுக்கு எப்படி இருக்கும்? கோடாவை எழுதி இயக்கிய ஷான் ஹெடர் அந்தத் தவறைச் செய்யவில்லை. அம்மாவாக மார்லி மாட்லின், அப்பாவாக டிராய் கோட்சர், அண்ணனாக டேனியல் டுராண்ட், மூவருமே நிஜத்தில் காது கேளாதவர்கள். அப்பா வேடத்துக்குக் காது கேட்கிற பிரபல நடிகர் யாரையாவது போடலாமே என்று பணம் போட இருந்தவர்கள் பக்கம் பேச்சு வந்தபோது, அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று மாட்லின் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் எடுபடும். 1987-ல் 21 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் வாங்கியவர், நடிப்புக்கு ஆஸ்கார் வாங்கிய முதல் காது கேளாதவர். இரண்டாவது ஆள் வர 35 வருடம் ஆனது. அந்த இரண்டாவது ஆள்தான் டிராய் கோட்சர்.

ரூபியாக நடித்த எமிலியா ஜோன்ஸ் ஆங்கிலேயப் பெண், காது கேட்கும். ஒன்பது மாதம் அமெரிக்கச் சைகை மொழியும் பாட்டும் மீன் வேலையும் கற்றுக்கொண்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. பிரிட்டனின் சைகை மொழியும் அமெரிக்காவினுடையதும் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்காவினுடையது பிரெஞ்சுச் சைகை மொழிக்குத்தான் நெருங்கிய உறவு, ஏனென்றால் 1817-ல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய அந்த நாட்டின் முதல் நிரந்தரக் காது கேளாதோர் பள்ளிக்குப் பாடம் சொல்ல வந்தவர் லோரான் கிளெர்க் என்ற பிரெஞ்சுக்காரர், அவருக்கும் காது கேட்காது. ஆக, லண்டன் பெண் எமிலியா கற்றுக்கொண்டது தன் ஊர்க் காது கேளாதவர்களுக்கே புரியாத ஒரு மொழியை.

2021 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் படம் வந்தது, நான்கு பரிசு வாங்கியது, ஆப்பிள் நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த விழாவில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2022 மார்ச்சில் மூன்று ஆஸ்கார் பரிந்துரை, மூன்றும் கிடைத்தன: சிறந்த படம், சிறந்த துணை நடிகர், தழுவிய திரைக்கதை. கோட்சருக்கு விருது கொடுத்தவர் கொரிய நடிகை யுன் யோ ஜோங். அந்த அம்மா பெயரை வாயால் சொல்வதற்கு முன் கையால் சொன்னார், அப்புறம் விருதுச் சிலையை அவரிடமிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டு நின்றார், ஏனென்றால் கோட்சர் பேச இரண்டு கையும் வேண்டும். அரங்கம் முழுக்கக் கைகளைத் தூக்கி விரல்களை அசைத்தது, அதுதான் சைகை மொழியில் கைதட்டல். கோட்சர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். வீட்டிலேயே நன்றாகச் சைகை பேசியவர் அவர்தானாம், ஒரு கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, பிறகு கையால் பேச முடியாமலே போனாராம்.

இப்போது அந்த லாரிக் காட்சி. பள்ளிக் கச்சேரியில் ரூபி பாடுகிறாள். பெற்றோர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று சைகையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கச்சேரியிலும் நாலு வரிசைக்கு ஒருவர் இதைச் செய்கிறார், அவர்களுக்காவது நியாயமான காரணம் இருக்கிறது! பிறகு ரூபியும் கூடப் படிக்கிற ஒரு பையனும் சேர்ந்து பாடும்போது படத்தின் ஒலி அடங்கிப்போகிறது. முழு மௌனம். ஃபிராங்க் மகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பவர்களின் முகங்களைப் பார்க்கிறார். ஒரு பெண் கண்ணைத் துடைக்கிறாள், ஒருவர் தலையை ஆட்டுகிறார். மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதை அவர் ஊரார் முகத்திலிருந்து படிக்கிறார். அன்று இரவு வீட்டு வாசலில் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து, எனக்காக ஒரு தடவை பாடு என்கிறார், அவள் கழுத்தில் இரண்டு கையையும் வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்கிறார். கோட்சரின் முகத்துக்கு அந்த ஒரு காட்சிக்கே விருது கொடுத்திருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜாக்கி மகளிடம் சொல்கிறாள்: நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உனக்குக் காது கேட்கிறதா என்று சோதித்தார்கள், கேட்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். கேட்டதும் பலருக்குத் தூக்கிவாரிப் போடும், எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா என்று. ஆனால் அவள் காரணம் சொல்கிறாள். அவளுடைய அம்மாவுக்குக் காது கேட்கும், அவர்கள் இருவருக்கும் கடைசி வரை ஒட்டவே இல்லை. உன்னிடமும் நான் அப்படித் தோற்றுவிடுவேனோ என்று பயந்தேன் என்கிறாள். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற நம் ஊர் அம்மாக்களுக்கு இது உடனே புரியும். தன் மொழி பிள்ளைக்குத் தாய்மொழியாக இருக்குமா, இல்லை அதற்கு வெளியே எங்கேயோ ஒரு வாழ்க்கை தொடங்கிவிடுமா என்கிற அதே பயம்தான். காது கேளாமையைக் குறையாகப் பார்க்காமல் ஒரு மொழிக்காரர்களின் வீடாகப் படம் காட்டுகிற இடம் இதுதான். அண்ணனும் அப்பாவும் ஒருவரையொருவர் கையாலேயே கெட்ட வார்த்தையில் கிழித்துக்கொள்வதும் அதில் சேர்த்தி. (போகிற போக்கில் ஒன்று: தமிழில் ‘ஊமை’ என்ற சொல்லை இனிமேலாவது விட்டுவிடலாம். இந்த வீட்டில் இருக்கிற வாயாடித்தனம் என் வீட்டில்கூட இல்லை.)

இனி புகார்களுக்கு வருகிறேன்.

ஒன்று, இசை. காது கேளாதவர் வீட்டுக் கதை என்றால் ஏன் எப்போதும் பிள்ளை பாட்டுக்காரியாகவே இருக்கிறாள்? மூன்று நாட்டில் மூன்று படம், மூன்றிலும் பாட்டு. பெற்றோரால் எட்டிப் பிடிக்கவே முடியாத ஒன்று வேண்டும், பார்ப்பவர் மனம் உருக வேண்டும், பாட்டுதான் சுருக்கு வழி. அவள் கணக்கில் கெட்டிக்காரி என்றால் கதையே இல்லை. ஆனால் காது கேளாதவர்களுக்கு இசையே கிடையாது என்பது காது கேட்கிறவர்களின் கற்பனை. ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி 12 வயதிலிருந்து ஏறக்குறைய முழுக்கக் காது கேட்காதவர், உலகம் போற்றுகிற தாள வாத்தியக் கலைஞர், அதிர்வை உணர்வதற்காகச் செருப்பில்லாமல் மேடையேறுகிறவர். படத்திலேயே ஃபிராங்க் லாரியில் ராப் பாட்டை அதிர அதிர வைத்துக்கொண்டு வருகிறார், அந்த அடி உடம்பில் இடிப்பது அவருக்குப் பிடிக்கும். அது தெரிந்த மனிதருக்கு மகள் பாடுவது என்னவென்றே புரியாத மாதிரி படம் நடந்துகொள்வது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது புகார் எனக்கு முக்கியமாகப் படுவது. டாக்டர் காட்சி நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு அந்தரங்கமான இடத்தில் அரிப்பு, அதை டாக்டரிடம் மகள் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு வாரம் தாம்பத்தியம் கூடாது என்று டாக்டர் சொல்ல, இனிமேல் எப்போதுமே கூடாதாம் என்று இவள் மாற்றிச் சொல்கிறாள். அரங்கே சிரிக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் அமெரிக்காவில் 1990-லேயே மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும், நோயாளியிடம் அதற்குக் காசு கேட்கக் கூடாது. 2010-ல் திருத்திய விதிகளில் இன்னும் பச்சையாகவே எழுதியிருக்கிறது: கூட வந்த மைனர் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, உயிர் போகிற அவசரம் தவிர. ரூபிக்கு 17. அந்த டாக்டர் செய்தது சட்ட விரோதம், படம் அதை நகைச்சுவையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஆகவே, மகள் இல்லாவிட்டால் நடுத்தெருவில் நிற்கிற பெற்றோர் என்று தங்களைக் காட்டுகிறார்களே என்று காது கேளாத பெற்றோர் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த மூன்று நடிகர்களில் இருவரின் வாழ்க்கையே இதற்குப் பதில். மாட்லினுக்கு நான்கு பிள்ளைகள், நான்கு பேருக்கும் காது கேட்கும். கோட்சருக்கும் காது கேட்கிற ஒரு மகள். இருவரும் உலகம் சுற்றி நடித்துக்கொண்டிருப்பது பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக இழுத்துக்கொண்டு போய் அல்ல.

இயக்குநர் பக்கமும் நியாயமாகப் பேசிவிடுகிறேன். நடுக்கடலில் வானொலியில் கடலோரக் காவலர் கூப்பிட்டால் சட்டப் புத்தகமா பதில் சொல்லும்? மீன்பிடித் தொழிலைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான், காது நிஜமாகவே தேவைப்படுகிற ஒரு வேலை. ரூபி வராத ஒரு நாளில் படகுக்குக் காவலர் வந்து ஏறி, உரிமம் முடக்கப்பட்டு, காது கேட்கிற ஆள் ஒருவர் படகில் இருந்தே ஆக வேண்டும் என்று ஆகிறது. நம்பும்படியாகவே எழுதியிருக்கிறார். சட்டம் இருப்பது வேறு, அது சின்ன ஊரின் சின்ன ஆஸ்பத்திரி வரை வந்து சேர்வது வேறு என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கும் எத்தனையோ வீட்டில் எட்டு வயசுப் பிள்ளைதான் வங்கியில் அப்பாவுக்காகப் பேசுகிறது.

வரலாறும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு ஒரு தொழிலாக அமெரிக்காவில் ஒழுங்குபடத் தொடங்கியதே 1964-ல், மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பதிவுச் சங்கம் உருவான பிறகு. அதுவரை பிள்ளைகள், பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள். காசு கிடையாது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, நாமும் ஒரு கூட்டம்தான் என்று சேர்ந்து கோடா என்ற பெயரிலேயே 1983-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். படத்தின் தலைப்பு வானத்திலிருந்து விழவில்லை.

இந்தப் பிள்ளைகளில் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த முகங்களும் உண்டு. மௌனப்பட காலத்தில் ஆயிரம் முகம் கொண்டவர் என்று பெயரெடுத்த லான் சானியின் பெற்றோருக்குக் காது கேட்காது. வீட்டில் முகத்தாலும் கையாலும் பேசிப் பழகிய பையன் வசனமே இல்லாத சினிமாவில் ராஜாவாக இருந்ததில் ஆச்சரியம் என்ன? 1976-ல் சிறந்த நடிகை ஆஸ்கார் வாங்கிய லூயிஸ் ஃபிளெட்சரின் அப்பா அம்மாவுக்கும் கேட்காது. மேடையில் கடைசியில் அவர் குரல் தழுதழுக்க, கையாலும் சேர்த்துப் பேசினார், வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்காக. ஒரு கனவு காணக் கற்றுத்தந்ததற்கு நன்றி, அந்தக் கனவு பலிப்பதைத்தான் இப்போது பார்க்கிறீர்கள் என்று. கோடாவின் உச்சக்காட்சியில் ரூபி பாதிப் பாட்டில் கையைத் தூக்கி மாடத்தில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குச் சைகையில் பாடத் தொடங்கும்போது எனக்கு ஃபிளெட்சர்தான் நினைவுக்கு வந்தார்.

கடைசியாக ஒரு விசித்திரமான ஆள், அலெக்சாண்டர் கிரகாம் பெல். ஆமாம், தொலைபேசிக்காரர். அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காது, மற்றவர்கள் அவர் காதில் வைத்த ஊதுகுழாய் மாதிரி ஒன்றில் கத்தும்போது பையன் அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தணிந்த குரலில் பேசுவானாம். மனைவிக்கும் ஐந்து வயதில் காய்ச்சலில் காது போய்விட்டது. இப்படிப்பட்டவர் பெரியவரானதும் பள்ளியில் சைகை மொழி கூடாது, வாய்ப்பேச்சுதான் வேண்டும் என்று போராடினார். 1883-ல், காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் மணந்துகொண்டே போனால் மனித குலத்தில் காது கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்று ஓர் ஆய்வறிக்கையும் படித்தார். அன்பான மகனாக இருப்பதும் அம்மாவின் கூட்டத்தைப் புரிந்துகொள்வதும் வேறு வேறு போல.

பெல்லை இழுத்ததற்குக் காரணம், அந்த ஆராய்ச்சிக்காக அவர் தேடிப் போன ஓர் இடம். மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவு. குளோஸ்டர் இருக்கிற அதே மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டனுக்கு வடக்கே குளோஸ்டர், தெற்கே அந்தத் தீவு. அங்கேயும் மீனவர்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்களோடு காது கேளாமைக்கான ஒரு மரபணுவும் கப்பலேறி வந்துவிட்டது. தீவுக்குள்ளேயே மணம் முடித்து முடித்து, 19ஆம் நூற்றாண்டில் தீவில் 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவராகப் பிறந்தார், சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். நாடு முழுவதுக்கும் அப்போது ஏறக்குறைய 5,700 பேருக்கு ஒருவர்தான். நோரா எல்லன் குரோஸ் என்ற மானுடவியலாளர் தீவின் முதியவர்களைத் தேடித்தேடிப் பேசி 1985-ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

அந்த முதியவர்கள் சொன்னதுதான் விஷயம். காது கேட்கிறவர்கள் எல்லோருக்குமே அங்கே சைகை தெரியும். குழந்தைகள் அதை ஆங்கிலத்தோடு சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். கடையில் சைகை, ஊர்க் கூட்டத்தில் சைகை, கோயிலில் பிரசங்கத்துக்கு நடுவே வம்பு பேசச் சைகை. காது கேளாதவர் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாதபோதும், படகுக்குப் படகு, சத்தம் எட்டாத தூரத்தில் மீனவர்கள் கையாலேயே பேசிக்கொண்டார்கள். குரல் போகாத தூரத்துக்குக் கை போகிறதே! அவரும் இவரும் காது கேளாதவர்களா என்று குரோஸ் கேட்டால், முதியவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான், ஆமாம், அவருக்குக் கேட்காது என்று நினைவுபடுத்திச் சொன்னார்களாம். முதலில் நினைவுக்கு வந்தது அவர் நல்ல மீனவர் என்பது. பிறகு காது கேளாத பிள்ளைகள் படிக்க அந்த ஹார்ட்ஃபோர்டு பள்ளிக்குப் போய், அங்கேயே வெளியூர் ஆட்களைக் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல அது மறைந்தது. அந்த மரபில் காது கேளாமல் பிறந்த கடைசித் தீவுவாசி 1952-ல் இறந்தார்.

இப்போது குளோஸ்டருக்குத் திரும்பி வந்து பாருங்கள். ராஸி குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதே துறைமுகத்தில் மீன் பிடிக்கிறது. பக்கத்துப் படகுக்காரனுக்கு ஃபிராங்கை இருபது வருடமாகத் தெரியும். அவனுக்கு ‘காலை வணக்கம்’, ‘என்ன விலை’ என்று கையால் சொல்லத் தெரியாது. அந்த இருபது வருடச் சோம்பலின் மொத்தச் சுமையும் 17 வயதுப் பெண் ஒருத்தியின் தோளில். படம் கேட்கிற கேள்வி “ரூபி குடும்பத்தை விட்டுப் போகலாமா?” என்பது. நான் கேட்க விரும்புவது அந்தப் பக்கத்துப் படகுக்காரனிடம்.

ஷான் ஹெடருக்கு இது தெரியாமல் இல்லை. படத்தில் இதைச் சொல்கிறவன் லியோ, அண்ணன். எல்லோரும் ரூபியைச் சுற்றியே ஓடும்போது அவன் மட்டும் கடற்கரையில் அவளிடம் வெடிக்கிறான்: நாங்கள் கையாலாகாதவர்கள் இல்லை, காது கேளாதவர்களோடு எப்படிப் பழகுவது என்று அவர்கள் கற்றுக்கொள்ளட்டும், நீ போ. படத்திலேயே மிகத் தெளிவான வசனம் அதுதான், ஆனால் அழுகைக் காட்சிகளுக்கு நடுவே அது காணாமல் போய்விடுகிறது. முடிவில் ரூபியின் பாட்டுக்கு மேலே சில துண்டுக் காட்சிகள் ஓடும், அதில் ஒன்று, மீன் கூட்டுறவில் காது கேட்கிற ஆட்கள் தட்டுத்தடுமாறிச் சைகை பழகுவது. சில நொடிதான். அடுத்த தடவை பார்க்கும்போது கண்ணைச் சிமிட்டாமல் பாருங்கள், எனக்கு அந்தச் சில நொடியை ஒரு முழுப் படமாகப் பார்க்க வேண்டும். அப்புறம் ரூபி கிளம்பும்போது ஃபிராங்க் வாயைத் திறந்து குரலாலேயே ஒரு சொல் சொல்கிறார், “போ” என்று. படம் முழுக்கக் கையால் பேசியவர் அந்த ஒன்றை மட்டும் அவளுடைய மொழியில் சொல்கிறார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக்கொள்ளட்டும் என்கிற சான்றிதழ். அடிதடி, ரத்தம் எல்லாம் இல்லை. ஆனால் பெற்றோருக்குத் தங்கள் படுக்கையறைச் சத்தம் வெளியே கேட்பது தெரியாது, பாட்டுப் பழக வந்த பையனுக்கு நன்றாகவே கேட்கிறது, அதற்கப்புறம் ஃபிராங்க் அந்தப் பையனை உட்கார வைத்து ஆணுறையின் அவசியத்தைச் சைகையாலேயே விளக்குகிறார், மொழிபெயர்ப்பே தேவைப்படாத அளவுக்குத் தெளிவாக. பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ரிமோட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.